ஆண்டியப்பன் மகள் கட்டாருக்குப் போனாள்

என் பெயர் இல்லாமல் என் மனைவி இந்த நாட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது என்று, சென்ற ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், வெறும் வயிற்றோடு நான் முடிவெடுத்தேன்.

முடிவு என்றால் போதாது. அது பிரகடனம். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் இருநூறு பேருக்கு ஒரே மூச்சில் வேலை பிரித்து மலைக்கு அனுப்பியவன். கந்தப்பனின் குரல் எழுந்தால் தலவாக்கலை ரயிலின் ஊதல் கேட்காது என்று துரையே சொல்லியிருக்கிறார். அந்தக் குரலுக்கு அடங்காத உயிர்கள் இரண்டே இரண்டு. ஒன்று அட்டை. மற்றது என் மனைவி நாகலெட்சுமி. அட்டையாவது உப்பைக் கண்டால் விட்டுவிடும்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் கிருஷாந்தி, கணவன் ஜீவராஜோடு கட்டாரில் இருக்கிறாள். அடுத்த மாதம் தலைப்பிரசவம். தாய்க்கு மூன்று மாத விசாவும் விமானச் சீட்டும் அனுப்பிவிட்டாள். ஒரேயொரு சீட்டு. என்னை ஏன் கூப்பிடவில்லை என்று தொலைபேசியில் கேட்டேன்.

"பிரசவத்துக்கு வர்றவங்க வேல பாக்கணும்ப்பா" என்றாள். நான் பெற்ற பிள்ளை.

உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மூன்று மாதத்தை நினைத்தாலே எனக்கு நடுக்கம் வந்தது. எங்கள் வீட்டில் சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அது வயிற்றுக் கவலை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பின்னேரம் மலையிலிருந்து பனி இறங்கி வாசலை மூடும் நேரத்தில், "கதவச் சாத்துங்க, குளிரு உள்ள வருது" என்று ஒரு குரல் அதட்டும். அதட்டாத வீட்டில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஆனால், போகாதே என்று எப்படிச் சொல்வது? மகளின் தலைப்பிரசவம்! சொன்னால் லயத்தில் ஒரு வீடாவது எனக்குத் தேத்தண்ணி கொடுக்குமா? எனவே கௌரவமான ஒரு தடங்கல் தேவைப்பட்டது. பத்து நாளாகப் பத்திரங்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அவளுடைய கடவுச்சீட்டின் முதற்பக்கத்திலேயே அது கிடைத்தது.

"லெட்சுமி! இது யாரோட பாஸ்போட்டு?"

"மூஞ்சி தெரியலியா? போட்டோ இருக்கே."

"மூஞ்சி தெரியுது. பேருதான் தெரியல. ஆண்டியப்பன் நாகலெட்சுமின்னு போட்டிருக்கு."

"ஆண்டியப்பன் எங்கப்பா. மறந்துட்டீங்களா? கல்யாணத்துக்குப் போட்ட கைக்கடியாரம் ஓடலேன்னு நாலு வருசம் பேசாம இருந்தீங்களே, அவருதான்."

"புருசன் பேரு எங்க?"

"மூணு வருசத்துக்கு முந்தி வேலாயியோட பழனிக்குப் போனப்ப எடுத்தது. பொறப்புச் சான்றிதழப் பாத்து அப்பிடியே போட்டுட்டாங்க. இத்தன நாளா நீங்க ஒருதடவையாச்சும் தொறந்து பாத்தீங்களா?"

"இப்பப் பாத்துட்டேன். நாலு பேருக்கு முன்னால எனக்கு மானம் இருக்கு. என் பேரு அதுல ஏறாம நீ பிளேன் ஏற முடியாது."

புயலை எதிர்பார்த்துக் கால்களை ஊன்றி நின்றேன். நாகலெட்சுமி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"சரிங்க. மாத்திருவோம்."

இந்த இடத்தில் நான் சுதாரித்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்ன தடவைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குழி இருந்திருக்கிறது.

"அதுக்கு என்ன தாள் வேணும்?" என்று கேட்டாள்.

"கல்யாணச் சான்றிதழ்."

"அது எங்க இருக்கு?"

அது எங்கும் இல்லை; அதையும் உரக்கவே சொன்னேன். என் கையிலிருந்த துருப்புச் சீட்டே அதுதான். எங்கள் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் நடந்தது. மேளம் உண்டு, தாலி உண்டு, தோட்டம் முழுவதற்கும் சாப்பாடு உண்டு. மறுநாளே அவள் கொழுந்து எடுக்கப் போய்விட்டாள், நான் பெரட்டுக்குப் போய்விட்டேன். பதிவாளரிடம் போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் எங்களில் யார் நினைத்தோம்? இருநூறு பேரின் பெயரைச் செக்ரோல் பதிவேட்டில் நாள் தவறாமல் எழுதிய நான், என் பெண்டாட்டியின் பெயரை என் பெயரோடு சேர்த்து எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை.

இனிமேல் பதிய வேண்டும். சான்றிதழ் வர வேண்டும். அடையாள அட்டை மாற வேண்டும். பிறகு கடவுச்சீட்டு. பிறகு புது விசா. அதற்குள் பேரப்பிள்ளை எழுந்து நடந்துவிடும்.

இந்த நேரத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் வேலாயி வாசலில் வந்து நின்றாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்று சொல்வார்கள். காதுக்கு அது இல்லை.

"என்னண்ணே, அப்ப நீங்க ரெண்டு பேரும் இத்தன வருசமா..."

"வாய மூடு, வேலாயி!"

"நான் ஒண்ணும் சொல்லலியே. கல்யாணப் பந்தியில ஒக்காந்து சாப்பிட்டவ நான். ரெண்டாந்தடவ பாயாசம் கேட்டேன். மாப்பிள்ளையே வந்து வாளியத் தூக்கிட்டுப் போனாரு. அதுக்கு நானே சாட்சி சொல்லுவேன்."

"அப்ப நாளைக்கு எங்ககூட வா வேலாயி. பதிஞ்சிட்டு வந்துருவோம்" என்றாள் நாகலெட்சுமி.

மறுநாள் மூவரும் பஸ் ஏறினோம். நான் வெள்ளைச் சட்டையும் பழைய கோட்டும் அணிந்திருந்தேன். அவள் பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சேலையை உடுத்தியிருந்தாள். பதிவாளர் அலுவலகத்து வாங்கில் இளம் ஜோடி ஒன்று உட்கார்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"மகளுக்குப் பதியவாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்ல தங்கச்சி, எங்களுக்குத்தான்" என்றாள் என் மனைவி, கூச்சமே இல்லாமல்.

பதிவாளர் கண்ணாடி போட்ட ஒரு பெண். நல்ல பதவிசு. என் நிலைமையைக் கேட்டுவிட்டு, "ஐயா, கோவில்ல நடந்த கல்யாணத்த யாரும் இல்லேன்னு சொல்லல. பேரு மாத்தத்தான் தாள் கேப்பாங்க. இப்ப அறிவித்தல் குடுத்தா, சில நாளைக்கு அப்புறம் பதியலாம்" என்றார்.

"எல்லாம் முடிஞ்சு பாஸ்போட்டு கையில வர எவ்வளவு காலம் ஆகும்?"

"ரெண்டு மூணு மாசம் ஆகலாம்."

என் முகத்தில் மலர்ச்சி தெரிந்துவிடாதபடி தலையைக் குனிந்தேன். "அடடா, பயணம் கெட்டுப் போகுமே!" என்று பெருமூச்சும் விட்டேன். படிவத்தில் என் கையெழுத்தைச் சுழித்துப் போட்டேன். பேனா நாகலெட்சுமியின் கைக்குப் போனது.

"எல்லார்கிட்டயும் கேக்கிறதுதாம்மா" என்றார் பதிவாளர். "இது ஒங்க சொந்த விருப்பமா? யாரும் வற்புறுத்தலியே? ஒங்களுக்குச் சம்மதந்தானே?"

அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"கொஞ்சம் யோசிக்கணும்மா."

"என்னது!" என்றேன். "முப்பத்தெட்டு வருசம் கழிச்சு என்ன யோசன?"

"அன்னைக்கு எங்கப்பாகிட்ட கேட்டாங்க. தோட்டத் தலைவர்கிட்ட கேட்டாங்க. துரைகிட்டகூட ரெண்டு நாள் லீவு கேட்டாங்க. என்கிட்ட யாரும் கேக்கல. இன்னைக்குத்தான் ஒரு ஆளு 'ஒனக்குச் சம்மதமா'ன்னு கேட்டிருக்கு. எடுத்த எடுப்புல ஆமான்னுட்டா அந்தக் கேள்விக்கு என்ன மரியாத?"

அது உண்மை. நானும் அவளிடம் கேட்டதில்லை.

"மாப்பிள்ளகிட்ட நான் ரெண்டு கேள்வி கேக்கலாமாம்மா?"

"தாராளமாக் கேளுங்க."

"சோறு வடிக்கத் தெரியுமா?"

"லெட்சுமி, நாலு பேரு இருக்காங்க!"

"தெரியும், தெரியாது. அவ்வளவுதான்."

"தெரியாது."

"தன் துணியத் தானே தொவச்சுக்குவாரா?"

"மாட்டாரு" என்று எனக்காக வேலாயி பதில் சொன்னாள்.

நாகலெட்சுமி அந்த இளம்பெண்ணிடம் திரும்பினாள். "வயசு அறுபத்திநாலு. சமையல் தெரியாது. சத்தம் மட்டும் மல உச்சி வரைக்கும் கேக்கும். இப்பிடி ஒரு வரன் வந்தா நீ என்ன சொல்லுவ, தங்கச்சி?"

"யோசிக்கத்தான்ம்மா வேணும்" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

"எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றான் பக்கத்திலிருந்த பையன், அவசரமாக.

பிறகு என் மனைவி கைப்பையைத் திறந்தாள். கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"நான் இதுல கையெழுத்துப் போடாட்டி, தாள்ல நான் யாரும்மா?"

"ஆண்டியப்பன் நாகலெட்சுமி."

"இந்த மூணுலயும்?"

"அதே பேருதான். ஒரு குறையும் இல்ல. இப்பிடியே போகலாம். பேர மாத்தினாத்தான் மூணையும் மாத்தணும். போன கெழம வந்தப்பவே வெவரமாச் சொன்னேனேம்மா."

போன கிழமை!

நான் நாகலெட்சுமியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். வேலாயியைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்தாள். சென்ற வியாழக்கிழமை, சட்டை தைக்கக் கொடுக்கிறோம் என்று இருவரும் டவுனுக்குப் போய் மத்தியானம் வரை வராதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பெட்டியவே சுத்தி வந்தீங்களே" என்றாள் நாகலெட்சுமி. "என்ன தேடுறீங்கன்னு நானும் தொறந்து பாத்தேன். பேரத்தான் புடிப்பீங்கன்னு தெரிஞ்சிச்சு."

"நான் அனுமதி தர மாட்டேன்!" என்றேன். பெரட்டுக் குரல். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஐயா, இங்க சத்தம் போடக் கூடாது" என்றார் பதிவாளர்.

"அவ என் சம்சாரம்மா!"

நாகலெட்சுமி என் பக்கம் கையை நீட்டினாள். மிகவும் மென்மையாகக் கேட்டாள்.

"தாளக் காட்டுங்க."

படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல புள்ளயப் போய்ப் பாக்குறேன். இத வந்து பாக்கலாம்" என்று பதிவாளரைக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள். வேலாயி பின்னால் போனாள். நான் அதற்கும் பின்னால்.

திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு தேயிலை மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒண்டியா இருக்கப் பயம். அதானே?"

நான் கோட்டுப் பொத்தானை மாட்டினேன்.

"அத நேராச் சொல்லியிருக்கலாம். இதுக்கு எதுக்கு எங்கப்பாவ இழுத்தீங்க? சீனி பச்ச மூடி. உப்புச் செவப்பு மூடி. நாளைக்குக் காலையில இருந்து அடுப்படிக்கு வாங்க, சொல்லித் தர்றேன்."

பத்து நாள் பயிற்சி நடந்தது. கணக்கப்பிள்ளை வேலைக்குக்கூட எனக்கு இவ்வளவு கடுமையான பயிற்சி இருக்கவில்லை. பதினோராம் நாள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவளை இறக்கிவிட்டேன். உள்ளே போனவள் சிறிது நேரத்தில் தொலைபேசியில் பேசினாள். கடவுச்சீட்டில் முத்திரை குத்த அரை நிமிடம்கூட ஆகவில்லையாம். புருசன் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

"நல்லாப் பாத்தாங்களா?" என்றேன்.

"நல்லாப் பாத்தாங்க" என்றாள்.

பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். இங்கே நானும், ஏறக்குறைய, சுகம். முதல் வாரம் சோறு கஞ்சியாக வந்தது. இரண்டாம் வாரம் கருகியது. இரண்டு மாதத்தில் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல் மூன்றிலும் தேறிவிட்டேன். துணியையும் நானே துவைக்கிறேன். வேலாயி வந்து பார்த்துவிட்டுக் கட்டாருக்கு அறிக்கை அனுப்புகிறாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முகம் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, சோற்றுப் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவில் அழைத்தேன். அவள் பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பானைய இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். உற்றுப் பார்த்தாள். "ம். பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல' தந்த துணிச்சலில் பேச்சைத் தொடங்கினேன்.

"லெட்சுமி, நேத்து டவுன்ல பதிவாளரம்மாவப் பாத்தேன். என்ன முடிவுன்னு கேட்டாங்க. அடுத்த மாசம் நீ வந்ததும் மொத வேலையா..."

"அடுத்த மாசம் எங்க வர்றது? மாப்பிள்ள விசாவ இன்னும் ஒரு மாசம் நீட்டிட்டாரு. புள்ளைக்குக் கழுத்து நிக்கட்டும்."

"அப்ப நம்ம கல்யாணம்?"

பேத்தியின் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துவிட்டு, நிதானமாக நிமிர்ந்தாள் ஆண்டியப்பன் மகள்.

"எனக்கு அவசரமில்ல. ஒங்களுக்கு அவசரம்னா, வேற எடம் பாருங்க."