ஒய்.பி. வருகையும் ஜிம்மியின் பரவசமும்

மலாயா மண்ணில் ரப்பர் நட்ட நாள்முதலாக, பெரிய மனிதர்களை வரவேற்பதில் உடையப்பனுக்கு நிகரான இன்னொருவர் பிறந்ததில்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் கட்சிக் கிளைத் தலைவர் அவர்தான். அப்பேர்ப்பட்டவரின் புகழுக்கு 1984-இல் ஒரு களங்கம் வந்தது. அவர் வீட்டு நாய்க்குட்டி ஜிம்மி, 'ஒய்.பி.' என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரைக் கண்ட சந்தோஷத்தில் அவருடைய சப்பாத்துக் காலின்மேலேயே மூத்திரம் பெய்துவிட்டது.

ஒய்.பி. மறுபடியும் வருகிறார் என்றதும் "அவசரப் பொதுக்கூட்டம்" கூடியது. ஒரே பொருள், ஜிம்மி.

"கட்டிப் போட்டுருங்களேன்," என்றாள் மனைவி அம்சவள்ளி.

"ஒய்.பி. குட்டிய விசாரிச்சா என்னா பதில் சொல்றது?"

"சரி. லயத்து வீட்டுப் பைப்புல தண்ணி வந்து மாசக்கணக்காச்சு. கால்வாய்த் தண்ணியக் குடிச்சுப் புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. அதையாச்சும் கேளுங்க லா."

"'இதர விஷயங்கள்'ல சேத்திருக்கேன்."

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் செல்லையா "நிபுணராக" அழைக்கப்பட்டார். "அது சேட்டை இல்லீங்க. சந்தோஷம் தாங்காம தன்னால போயிருது. வளந்தா தன்னால தெளிஞ்சிரும். அடிச்சா, அதட்டுனா இன்னும் மோசமாவும். ஆளு வர்றதுக்கு முன்னாடியே வெளிய கூட்டிப் போயிருங்க. வந்தப்பறம் கொஞ்சக்கூடாது, குனியக்கூடாது, கண்ணப் பாக்கக்கூடாது. அது அடங்குனப்பறம் மெதுவா தடவிக் குடுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒத்திகைக்குக் கிளைச் செயலாளர் இருசப்பன் இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு ஒய்.பி.யாக நடந்து வந்தார். லயமே அவரை ஏறெடுத்துப் பார்க்காமல் பழகியது. அடேங்கப்பா, எத்தனை கட்டுப்பாடு!

கார் வந்தது. ஜிம்மி ஒரு கொட்டாவி விட்டு நிழலில் படுத்துக்கொண்டது. ஒரு சொட்டு இல்லை. உடையப்பன்தான் ஓடினார், மாலை போட்டார், குனிந்து கைக்குட்டையால் சப்பாத்துத் தூசியைத் துடைத்தார்.

"தோட்டத்துல ஏதும் பிரச்சினை இருக்கா?" என்றார் ஒய்.பி.

அம்சவள்ளி கணவர் வாயையே பார்த்தாள். தண்ணீர் என்ற சொல் உடையப்பனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒய்.பி. அவர் தோளில் தட்டினார்.

"ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க ஒய்.பி."

கார் போய்விட்டது. "ஜிம்மி மானத்தக் காப்பாத்திருச்சு, பாத்தியா?" என்றார் உடையப்பன் பூரிப்போடு.

அம்சவள்ளி வாளியைத் தூக்கிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்தாள்.

"குட்டிய விடுங்க. வளந்தா அதுக்குத் தன்னால தெளிஞ்சிரும்னு டிரெசர் சொன்னாரு. ஒங்களுக்குப் பேரனே பொறந்தாச்சு."