கையுறை தவிர மற்றதெல்லாம்

பனிக்காலம் வந்தால் சில பிராணிகள் பொந்துக்குள் போய்ச் சுருண்டு தூங்கிவிடும். ஒரு பிராணி மட்டும் அப்போதுதான் விழித்துக்கொள்ளும். அதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு, பத்து விரல் உண்டு, அந்த விரல்களைச் சூடாக வைத்துக்கொள்ள உங்களுக்கும் எனக்கும் தெரியாத ஆயிரம் வழிகளும் தெரியும். இந்த இனத்துக்குக் கைச்சூட்டு நிபுணர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலையில் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் எல்லோரும் முகம் சுளிக்கும்போது ஒருவர் மட்டும் முகம் மலர்ந்து, சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் எஞ்சினை அணைத்துக்கொள்வார். பின்னால் நிற்பவர்கள் சாவி கீழே விழுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்ப்பார்கள். பச்சை விழுந்தாலும் நிமிர மாட்டார். ஹாரன் அடித்தால், இப்போதுதான் தூங்கிய குழந்தையை எழுப்பிவிட்டதுபோல் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

கையுறை வாங்கலாமே என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கையுறையா? அதைப் போட்டால் பிரேக் பிடிபடாது. பிரேக் பிடிபடுகிற மாதிரி மெல்லிசாக இருந்தால் காற்று புகும். காற்று புகாவிட்டால் வியர்க்கும். வியர்த்தால் அந்த ஈரமே விறைக்கும். ஆகமொத்தம் உலகத்தில் கை விறைப்பதற்கே கையுறைதான் காரணம் என்று நிரூபித்துவிடுவார். கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் உங்கள் கையுறையை மெல்லக் கழற்றிப் பைக்குள் ஒளித்துக்கொள்வீர்கள்.

இந்த இனத்தை நான் தூர நின்று ஆராயவில்லை. எங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்பதால் எதிரே சிரிக்க முடியாது. அந்தச் சிரிப்பையெல்லாம் அடக்கிவைத்து அடக்கிவைத்துத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எள்ளளவு திருகாணியைப் பிடித்து முடுக்குகிற விரல்கள். பனிக்காலத்தில் கடைக்கு முதலில் வருகிற வாடிக்கையாளர், கண்ணாடி இல்லாத கண்ணோடு, மாப்பிள்ளை தவறவிட்ட திருகாணியைத் தரையில் தவழ்ந்து தேடிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அவர் கைக்குச் சூடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. சூடு கிடைக்க அவர் போகிற வழிதான் கொஞ்சம் சுற்றுவழி.

ஒரு வருடம் அவித்த உருளைக்கிழங்கை ஆவி பறக்கக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார். நிற்கும் இடத்தில் எல்லாம் கையைப் பைக்குள் விட்டு உருட்டிக்கொள்வதாக ஏற்பாடு. கிழங்கு நசுங்கியது. கிழங்கு ஒட்டிய கையோடு கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். வாங்கி மாட்டிய பெரியவர், கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று பயந்து நேரே கண் டாக்டரிடம் ஓடினார். இன்னொரு வருடம், எண்ணெயில் மிளகாய்த்தூள் குழைத்துக் கையில் தடவிக்கொண்டால் ரத்தம் தானாக ஓடிவரும் என்று யாரோ சொன்னார்கள். ரத்தம் வந்ததா என்று தெரியவில்லை. வழியில் கண்ணைக் கசக்கிவிட்டதால் கையைப் பற்றிய கவலை அவருக்கு அடியோடு போய்விட்டது.

இத்தனையையும் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருகிறவள் என் தங்கை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அவளுக்கும் வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் ஆராய்ச்சிச்சாலையை யாராவது இரவல் கொடுப்பார்களா?

இந்தப் பனிக்காலத்தில் மாப்பிள்ளை எண்ணெய்க் கேன் இரண்டை அடிப்பக்கம் வெட்டி, கைப்பிடிகளுக்குக் கூடு மாதிரி மாட்டி, பழைய டியூபைக் கிழித்துக் கட்டினார். கேனுக்குள் கம்பளிக் காலுறையைத் திணித்தார். போதவில்லை என்று இன்னும் திணித்தார். அதை முதன்முதலாக ஓட்டிப் பார்க்க எந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? மருந்தகப் பொறுப்பாளர் பதவிக்கு என் தங்கையை நேர்முகத்துக்கு அழைத்திருந்த நாளை. வருடக்கணக்காக அவள் காத்திருந்த பதவி. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. மாப்பிள்ளை வழக்கப்படி எஞ்சினைக் கட்டி அணைத்துக்கொள்ளக் குனிந்தார். உடம்பு குனிந்தது. கை வரவில்லை. இழுத்தார். கம்பளி சுருண்டு மணிக்கட்டை இறுக்கியது. பச்சை விழுந்தது, கிளட்ச் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. போக்குவரத்துக் காவலர் வந்தார்.

"லைசன்ஸ்."

"சட்டைப் பையில இருக்கு சார்."

"எடுங்க."

"கை வரல சார்."

"எங்கேருந்து வரல?"

மாப்பிள்ளை தாடையால் காட்டினார். காவலர் குனிந்து பார்த்தார். அபராதம் போட்டாவது சீக்கிரம் விட்டால் போதும் என்று என் தங்கை வேண்டிக்கொண்டாள். காவலர் கேனை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அஞ்சு லிட்டர் கேனா?"

"ஆமா சார்."

"உள்ள என்ன வெச்சீங்க?"

"கம்பளிக் காலுறை."

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. நான் போன வருஷம் தெர்மோகோல் வெச்சேன்."

இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது. சுற்றி எல்லாப் பக்கமும் ஹாரன் அலறுகிறது, சந்திப்பில் வண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் இரண்டு பேர் தெர்மோகோல் நனைந்தால் என்ன ஆகும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏங்க, ஒம்பது மணிக்கு என்னைக் கூப்பிடுவாங்க."

"ஒரு நிமிஷம்மா. சார் ஏதோ சொல்றாரு பாரு."

என் தங்கை இறங்கினாள். கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து டியூப் கட்டுகளை நறுக்கினாள். கேன் கழன்றது. கேனில் இருந்து கை மட்டும் கழலவில்லை. கைக்குப் பதில் கேன் முளைத்த மனிதராக மாப்பிள்ளை நடுரோட்டில் நின்றார். அவள் மறுபடி பைக்குள் கை விட்டு ஒரு ஜோடி கையுறையை வெளியே எடுத்தாள். கறுப்பு, உள்ளே மெத்தென்று துணி வைத்தது, கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"இது ஏது?" என்றார் மாப்பிள்ளை.

"உங்களுக்குத்தான் வாங்கினேன். என்னிக்காவது கேப்பீங்கன்னு ரெண்டு வருஷமா தூக்கிட்டு அலையறேன். பின்னால உக்காருங்க."

கையுறை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. பிரேக் பிடிபட்டது. காற்று புகவில்லை. வியர்க்கவும் இல்லை. பின்னால் மாப்பிள்ளை, பிடித்துக்கொள்ள விரல் இல்லாமல், இரண்டு கேனாலும் அவள் இடுப்பை அணைத்தபடி ஊரைக் கடந்து போனார். பார்த்தவர்கள் எண்ணெய் வியாபாரம் என்று நினைத்திருப்பார்கள்.

பெயர் கூப்பிட்டபோது அவள் அங்கே இருந்தாள். பதவியும் கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேனை எப்படியோ கழற்றிவிட்டிருந்தார்கள். இனியாவது புத்தி வந்திருக்கும் என்று நினைத்து மாப்பிள்ளையிடம், "கையுறை எப்படி?" என்று கேட்டேன்.

"அதை விடுங்க மச்சான். திரும்பி வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். பின்னால உக்காந்தப்போ கை எவ்வளவு கதகதன்னு இருந்துச்சு தெரியுமா? கேன்ல கோளாறே இல்ல. உக்கார்ற இடத்தைத்தான் தப்பா வெச்சிருந்தேன்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனுக்குக்கூட வெண்ணெயைக் காட்டிவிடலாம். நெய் தேடுவதில் ருசி கண்டவனை என்ன செய்வது? அவருக்கு வேண்டியது சூடு அல்ல, யோசனை.

சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது, "அடடா, காலுறைக்குப் பதில் பஞ்சு வைத்திருந்தால் கை மாட்டியிருக்காதே" என்று உங்களுக்குத் தோன்றியதா? கேனை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டியிருக்கலாம் என்று பட்டதா? அப்படியானால் இன்றைக்கே, உங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவரிடம் மரியாதையாகக் கேட்டு, அவருடைய கைப்பையை ஒருமுறை திறந்து பாருங்கள்.