ஓர் அடி, மூன்று காயம்

சென்றாயனுக்கு ஒரே ஓர் அடிதான் நினைவிருந்தது. சம்மனில் மூன்று காயம் என்று எழுதியிருந்தது.

சம்மனைக் கொண்டுவந்த கோர்ட்டுச் சேவகன் அதை இரண்டு தரம் படித்துக் காட்டினான். மேற்படி சென்றாயன் மேற்படி காத்தானைத் தடியால் தாக்கி மூன்று காயங்கள் உண்டாக்கியதாகப் பிராது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு நாமக்கல் சப் மாஜிஸ்திரேட் முன் ஆஜராக வேண்டும்.

"இன்னொருக்கா படிங்க."

"எத்தனை தரம் படிச்சாலும் மூணுதானுங்க," என்றான் சேவகன். "கைநாட்டு இங்க வைங்க."

நடந்தது இவ்வளவுதான். பத்து நாளைக்கு முன்னால், ஒரு நண்பகலில், பரமத்தி வேலூர் வாய்க்காலை ஒட்டிய தன் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் சென்றாயன் நுழைந்தான். அங்கே உச்சி வெயில்கூடப் பச்சையாகத்தான் விழும். வரிசை வரிசையாக அகத்தி மரங்கள், அவற்றின்மேல் ஏறிய கொடிகள். நாலு முழத்துக்கு அப்பால் ஆள் நின்றால் தெரியாது. உள்ளே, சுமை தூக்கிப் பிழைக்கும் காத்தான் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தான். மடி நிறைய வெற்றிலை.

"எவன்டா அது?"

காத்தான் கொடுவாளோடு திரும்பி இரண்டு எட்டு முன்னால் வைத்தான். சென்றாயன் கையில் ஒரு தடி இருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலசாமி பெயரைக் கூவி, ஒரு வீச்சு வீசினான். தடி எதிலோ பட்டது. தோள்வரை அதிர்ந்தது. காதுக்குள் ஒரே இரைச்சல். கண்ணைத் திறக்கலாமா என்று யோசிக்கவே அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

திறந்தபோது காத்தான் இல்லை. அவனுடைய கொடுவாள் மட்டும் கிடந்தது. கஞ்சி கொண்டுவந்திருந்த மனைவி பாவாயி குனிந்து, சிதறிய வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓடிட்டானா?"

"ஓடிட்டானுங்க. வந்து கஞ்சியக் குடிங்க."

அன்றுவரை சென்றாயனை யாரும் வீரன் என்று சொன்னதில்லை. தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகப் போகிறவன். அன்று மாலை கருப்பண்ணன் காபிக் கிளப்பில் அவனுக்கென்று பெஞ்சில் இடம் விட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு கூட்டம் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவன் கண்டான். அது அவனுக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடிய விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

நாமக்கல்லில் வக்கீலைப் பார்ப்பதற்கு முன் அவருடைய குமாஸ்தா கைலாசத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு பெரும்பாலும் வக்கீலைப் பார்க்கத் தேவை இருக்காது.

"திருட வந்தவன அடிக்கலாமுங்களா, கூடாதுங்களா?"

"அடிக்கலாமுங்க. அதுவும் கொடுவாளோட வந்தான்னா தாராளமா அடிக்கலாம். உசிரையும் சொத்தையும் காப்பாத்திக்கற உரிமை எல்லாத்துக்கும் இருக்குதுன்னு சட்டமே சொல்லுது."

"அப்பறம் எதுக்குங்க சம்மன்?"

"அளவுன்னு ஒண்ணு இருக்குதல்லங்க?" கைலாசம் மூன்று விரல்களை நிமிர்த்தி ஒவ்வொன்றாக மடக்கினார். "முதல் அடி தற்காப்பு. ஆளு தடுமாறினப்பறம் ரெண்டாவது அடி ஆத்திரம். ஓடறவன் மேல மூணாவது அடி, குத்தம்."

"நான் ஒண்ணுதானுங்க அடிச்சேன்."

"காயம் மூணு இருக்குதே."

"அதானுங்க எனக்கும் புரியல."

"ஒரே அடியில மூணு காயம் பட, உங்க தடி என்ன மூணு கவையா?"

"நேர்த்தடிங்க."

"அப்ப மூணு அடின்னே சொல்லிருங்க. ஒவ்வொரு தரமும் அவன் கொடுவாள ஓங்குனான், ஒவ்வொரு தரமும் நீங்க தடுத்தீங்க. கணக்கு நேராயிரும்."

"ஒண்ணுதானுங்களே அடிச்சேன்?"

"ஒண்ணுன்னு சொன்னா மிச்சம் ரெண்ட யார் அடிச்சாங்கன்னு கேப்பாங்க. வெச்சிருக்கீங்களா ஆளு?"

சென்றாயனிடம் ஆள் இல்லை.

"இன்னொண்ணுங்க. பயந்தேன்னு சொல்லணும்."

"யாருங்க?"

"நீங்கதான். பயமில்லாம அடிச்சா அது வம்புச் சண்டை. உசிருக்குப் பயந்து அடிச்சாத்தான் சட்டம் உங்க பக்கம் நிக்கும்."

சென்றாயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே ஒரு மாட்டு வண்டி தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் முடிந்தது.

"வெளியில எங்கயாச்சும் பயப்படலைன்னு சொல்லி வெச்சிருக்கீங்களா?" என்று கைலாசம் சந்தேகத்தோடு கேட்டார்.

"கொஞ்சம் பேருகிட்டங்க."

"எத்தன பேரு?"

சென்றாயன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். காபிக் கிளப், நாவிதர் கடை, பரிசல் துறை, நேற்றைய சந்தை.

"வேலூருங்க," என்றான்.

"போயி மாத்திச் சொல்லிட்டு வாங்க. எதிர்க்கட்சிக்காரன் அவங்களத்தான் சாட்சி கூப்பிடுவான்."

பஸ்ஸில் திரும்பும்போது சென்றாயன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். பயந்தேனா? பயந்திருந்தால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பயப்படவில்லை என்றால் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. அந்த ஒரு கணத்துக்குள் தான் என்னவாக இருந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. சட்டத்துக்கு மட்டும் அது எப்படித் தெரியும்?

காபிக் கிளப்பில் ஆறேழு பேர் இருந்தார்கள். சென்றாயன் உட்காராமலே சொன்னான்:

"நெசத்தச் சொல்லிடறேனுங்க. அன்னிக்கு நான் ரொம்பப் பயந்துட்டேன்."

கருப்பண்ணன் காபி ஆற்றுவதை நிறுத்தினார்.

"பாத்துக்கங்கப்பா!" என்றார் கருப்பண்ணன் கண் கலங்க. "அடிச்ச ஆளு பேசற பேச்சு இது. வெறும்பயலா இருந்தா மார் தட்டுவான்."

"இல்லீங்க, நெசமாலுமே கையுங்காலும் நடுங்கிப் போச்சு."

"கோவத்துல நடுங்கியிருக்கும். எங்க மச்சானுக்கும் அப்படித்தான்."

சென்றாயனுக்கு அடுத்த பாடம் நினைவுக்கு வந்தது. "அப்பறம், அடிச்சது ஒண்ணில்லீங்க. மூணு."

"மூணா? இத்தன நாளா ஒண்ணுன்னுதான சொல்லிட்டிருந்தீங்க! எவ்வளவு அடக்கம் பாருங்கப்பா!"

விளக்கு வைப்பதற்குள் அது ஐந்து அடி ஆகிவிட்டது. மறுநாள் பரிசல் துறையில் பேசிக்கொண்ட கதையில் காத்தானோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்களும் கொடுவாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கருப்பண்ணன் சிரித்த முகத்தோடு கொடிக்காலுக்கே வந்தார்.

"காத்தான் கட்சியில என்னச் சாட்சி போட்டிருக்காங்க. கவலையே படாதீங்க. உங்க வீரத்த ஒண்ணு விடாம சொல்லிப் போடறேன்!"

சென்றாயன் மறுபடியும் நாமக்கல் பஸ் ஏறினான்.

கைலாசம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி உடுங்க. அவன் கொடுவாளாவது நமக்குச் சாட்சி சொல்லும். எங்க அது?"

"பாவாயி அதுலதானுங்க விறகு பொளக்கறா. நல்லா பதமான கொடுவாளுங்க."

கைலாசம் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"உங்க மேல காயம் ஏதாச்சும்?"

"இல்லீங்க."

"ஒரு கீறல்?"

"இல்லீங்களே."

"அவன் உங்களத் தாக்க வந்தான்னு காட்ட ஒரு கீறல் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கைலாசம் சுவரைப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சென்றாயன் வேலூர்வரை சுமந்து வந்து, வழியில் தனக்குத் தெரிந்த விதத்தில் அர்த்தம் செய்துகொண்டான்.

கொடிக்காலைச் சுற்றிக் கிளுவை முள்வேலி. முழங்கையை மெல்ல உரசினால் போதும் என்று அவன் நினைத்தான். உரசினான், வலித்தது, கையை எடுத்துக்கொண்டான். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு உரசினான். வரப்பு ஈரமாக இருந்தது. கால் வழுக்கி, ஆள் முழுசாக வேலிக்குள் போய்விட்டான். வேட்டி ஒரு கிளையில், தலைமுடி இன்னொரு கிளையில். அவன் போட்ட கூச்சலுக்கு ஊர் மணியக்காரரும் நாலு பேரும் ஓடிவந்தார்கள்.

"ஏனுங்க, வேலிக்குள்ள என்ன பண்றீங்க?"

"காத்தான் கீறிட்டானுங்க."

மணியக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்பவா?"

"இல்லீங்க. அன்னிக்கு."

"அன்னிக்குக் கீறினதுக்கு இன்னிக்கு ரத்தம் வருதா?"

சென்றாயன் வேலிக்குள் கிடந்தபடியே யோசித்தான்.

பாவாயி காயங்களுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள். எண்ணிப் பார்த்ததில் பதினேழு இருந்தன.

"மூணு அடின்னா உள்ள போட்டுருவாங்களா?" என்று கேட்டாள்.

"மூணு மாசம் போடலாம்னு கைலாசம் சொல்றாரு."

அவள் கை நின்றது. "பயந்தேன்னு சொன்னா உட்டுருவாங்கதான?" என்றாள்.

"உட்டுருவாங்க. ஆனா ஊரே வந்து உக்காந்திருக்கும் புள்ள. அவங்க முன்னால எப்படிச் சொல்றது?"

"சொல்லிப் போடுங்க. நீங்க மூணு மாசம் செயில்ல கெடந்தா கொடிக்காலுக்குத் தண்ணி கட்டறது யாரு?"

"அப்பறம் ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

பாவாயி விரலில் ஒட்டியிருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் தேதி வேலூரிலிருந்து நாமக்கல் வந்த பஸ்ஸில் பாதிப் பேர் சென்றாயனுக்காக வந்தவர்கள். கோர்ட்டு ஹாலின் பின்பக்கம் நிரம்பிவிட்டது. பாவாயி கட்டுச்சோற்றோடு வாசற்படி ஓரம் நின்றாள்.

முதலில் காத்தான். தாகத்துக்குத் தண்ணீர் தேடிக் கொடிக்காலுக்குள் போனதாகவும், கேள்வி முறையில்லாமல் தன்னை அடித்துவிட்டதாகவும் தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு கருப்பண்ணன். ஐந்து அடிகளையும் கையை வீசிக் காட்டி அவர் சாட்சி சொன்னபோது வேலூர்க்காரர்கள் கை தட்டினார்கள். சேவகன் அதட்டினான். சென்றாயன் தரப்பு வக்கீல் திரும்பிக் கைலாசத்தைப் பார்த்தார். கைலாசம் கூரையைப் பார்த்தார்.

மாஜிஸ்திரேட் மெலிந்த, பொறுமையான மனிதர். "எத்தனை அடி அடித்தீர்?"

"மூணுங்க," என்றான் சென்றாயன். "அதாவது ஒண்ணுங்க. காயந்தானுங்க மூணு."

"ஒன்றா, மூன்றா?"

"ஞாபகத்துல ஒண்ணுங்க. சட்டப்படி மூணுங்க."

"எங்கே அடித்தீர்? தலையிலா, தோளிலா?"

சென்றாயன் வாயைத் திறந்தான். பின்னால் கருப்பண்ணன் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாவிதர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு வருஷத்தில் தனக்குக் கிடைத்த நாற்பத்தைந்து நாள் மரியாதை மொத்தமும் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தது. வாசலில் பாவாயி நின்றாள். கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது.

"தெரியலீங்க," என்றான் கடைசியில். "கண்ண மூடிட்டிருந்தேன்."

"ஏன்?"

"பயமுங்க. கொடுவாளப் பாத்ததும் உசிரே போயிருச்சுங்க. ஒரு வீச்சு வீசினேன். எங்க பட்டுச்சு, எப்படிப் பட்டுச்சு, சத்தியமாத் தெரியாதுங்க. இந்தப் பதினேழு கீறலும் நானே வேலியில உழுந்ததுங்க."

கீறலைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. கருப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஏமாற்றப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார். சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது போலவும் இருந்தது.

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த டாக்டர் சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காத்தானை மறுபடி கூண்டில் ஏறச் சொன்னார்.

"எதிரி உனக்கு நேர் முன்னால்தானே நின்றார்?"

"ஆமாங்க சாமி."

"உன்னைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாரா?"

"வரலீங்க."

"நீ திரும்பி ஓடும்போது துரத்தி வந்தாரா?"

"இல்லீங்க சாமி. அவரு நின்ன எடத்துலயே நின்னாரு."

"பின் மண்டையில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளுக்குப் பின்னால் ஒன்று. மூன்றும் பின்பக்கம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு முன்னால் நின்றவர் உன் முதுகில் எப்படி அடித்தார்?"

காத்தான் தன் வக்கீலைப் பார்த்தான். அவர் காகிதங்களைப் புரட்டினார். சென்றாயனைப் பார்த்தான், அவனும் பதிலுக்காகத்தான் காத்திருந்தான். ஹாலில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"சத்தியம் செய்திருக்கிறாய். சொல்."

காத்தான் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாஜிஸ்திரேட்டுக்கு மட்டும் கேட்கட்டும் என்று தணிந்த குரலில் சொன்னான். ஹால் முழுக்கக் கேட்டது:

"அவரு தடி அகத்தி மரத்துல பட்டுச்சுங்க சாமி, எனக்கு மூணும் போட்டது பின்னால வந்த அவரு ஊட்டம்மா, பொம்பள கையில அடி வாங்கினேன்னு பிராதுல எப்படிங்க எழுதறது?"