பிராது கட்டியவளும் மனு போட்டவனும்

விருத்தாசலம்

சட்ட ஞானமும் குடும்பப் பாசமும் ஒருங்கே வாய்த்த மச்சான் செந்தமிழனுக்கு, உன் அக்கா புருஷன் பழமலை எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலத்துக்கு என்ன குறை? சென்னையில் உட்கார்ந்து போனில் யோசனை சொல்பவனுக்கு எப்போதும் நலந்தான்.

மாசி மாதம் எங்கள் செராமிக் கம்பெனியில் எல்லோருக்கும் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். இரண்டு நாள் வலது தோள் வலித்தது. மூன்றாம் நாள் சுடவேண்டிய பொம்மைகள் அடுக்கிய பலகையைத் தோளில் ஏற்றிச் சூளைக்குக் கிளம்பியவனை நீதானே போன் போட்டு நிறுத்தினாய்? "மாமா, கையத் தூக்காதீங்க! ஊசியால கை போச்சுன்னு மனு எழுதிக் குடுங்க. இன்சூரன்ஸ்ல ஒன்னர லட்சம் வாங்கிடலாம்!" உன் பேச்சைத் தட்டுவேனா? மூன்று மாதம் துண்டைத் தொட்டிலாகக் கட்டிக் கையைத் தொங்கவிட்டேன். சட்டையைக்கூட உன் அக்கா விருத்தாம்பாள்தான் மாட்டிவிட்டாள். அவளிடம் மூச்சு விடக் கூடாது என்றாய், விடவில்லை. பாவி மகள், நிஜமென்று நம்பிக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், "எம் புருஷன் கை மேல எழும்பணும்" என்று சீட்டு எழுதிப் பிராது கட்டிவிட்டாள். தொண்ணூறு நாளில் தீர்ப்புச் சொல்கிற சாமி. வாய்தா கேட்கிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் அதிகாரி ஜெயராஜ் வீட்டுக்கே வந்தார். "டாக்டர் ஒரு தடவ பாத்துட்டா முடிச்சுடலாங்க" என்று என்னையும் உன் அக்காவையும் ஆட்டோவில் கூட்டிப்போனார். வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தேன். மணவாளநல்லூர் வந்ததும் கோயில் தெரிந்தது. அதைப் பார்த்து என்றைக்காவது கும்பிடாமல் போயிருக்கிறேனா? "கொளஞ்சியப்பா!"ன்னு ரெண்டு கையும் தலைக்கு மேல போயிடுச்சுடா மச்சான்! ஆட்டோ கூரையில இடிக்குது! உன் அக்கா, "தூக்கிட்டாரு, எம் புருஷன் கையத் தூக்கிட்டாரு!"ன்னு ஒரே அழுகை. அந்த ஆளு சிரிக்கக்கூட இல்ல. ஃபைல மூடிட்டு, "சாமி சக்தி உள்ளதுதாங்க. எறங்கிக் கும்புட்டுட்டு வூட்டுக்குப் போங்க, டாக்டர் வேணாம்"னாரு. மனுவ வாபஸ் வாங்குறேன்னு அங்கேயே கையெழுத்து வாங்கிட்டாரு. வலது கையாலதான் போட்டேன்.

உன் அக்காவும் வேண்டுதல் பலித்ததென்று பிராதை வாபஸ் வாங்கிவிட்டாள். ஆக, இரண்டு இடத்திலும் வழக்கு முடிந்தது. நாளை முதல் பலகை தூக்கப் போகிறேன். கை நன்றாக இருக்கிறது, அது போதும்.

நீ நூறாண்டு வாழ்ந்து ஊருக்கெல்லாம் யோசனை சொல்லக் கொளஞ்சியப்பர் அருளட்டும். எனக்கு மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
பழமலை

பி.கு.: இனி எழுத்து என் மகள் பிரபாவுடையது, சொல்வது நான். மூன்று மாதம் சும்மா தொங்கிய தோளில் முதல் பலகையை ஏற்றினேன், பிசகிவிட்டது. கை இப்போது நிஜமாகவே எழும்பவில்லை. ஆறு மாதம் வேலை கூடாது என்கிறார் டாக்டர். ஜெயராஜுக்குப் போன் போட்டேன். கோயிலுக்குப் போகச் சொல்கிறார். வலி தாங்காமல் உன் அக்காவிடம் எல்லாவற்றையும் உளறி, இன்னொரு பிராது கட்டச் சொன்னேன். "சாமிகிட்டயுமா நடிப்பு?" என்று சட்டையை என் மேல் வீசிவிட்டுப் போய்விட்டாள்.