ஏழாயிரம் அடி உயரத்தில் பஞ்சர்

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.
காலை 6.40: ஏரிக்கரையை அடைந்தோம். உயரம் ஏழாயிரம் அடிக்குச் சற்று மேல். வெப்பநிலை நான்கு டிகிரி.
7.05: படகு தண்ணீரில் இறக்கப்பட்டது.
7.20: படகின் முன்பக்கம் தாழத் தொடங்கியது.
7.30: உரிமையாளரின் ஆணைப்படி படகு மூழ்கடிக்கப்பட்டது.
9.10: பாய் ஏற்றப்பட்டது.
9.21: பாய் இறக்கப்பட்டது.

இது என் கையெழுத்தில் உள்ள குறிப்பு. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நேரம் குறித்து வைப்பது விட முடியாத பழக்கம். மேலே உள்ளவற்றில் மிகை எதுவும் இல்லை. இனி வருவதற்கு அந்த உத்தரவாதம் தர இயலாது. இனி வருவது பஞ்சரைப் பற்றியது.

காற்றைப் பற்றி உலகில் யாருக்கும் பஞ்சர் அளவுக்குத் தெரியாது என்று உறுதியாகச் சொல்வேன். செங்கல்பட்டில் ஓடிய சக்கரங்களில் பாதி அவர் கையால் மூச்சு வாங்கியவை. அவருடைய பெயர் ரேஷன் அட்டைக்குத் தெரிந்திருக்கலாம், ஊருக்கு அவர் பஞ்சர்தான். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் அவர் கடை. ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் டயர் நிறுவனம் தந்த பழைய நாட்காட்டியின் ஒற்றைத் தாள். அதில் பனிமலைகளுக்கு நடுவே ஒரு ஏரி, ஏரியில் வெள்ளைப் பாய் விரித்த சின்னஞ்சிறு படகு. படத்துக்குக் கீழே அக்டோபர் மாதம். எந்த வருடத்து அக்டோபர் என்பது எண்ணெய்க் கறையில் மறைந்துவிட்டது. வெளியே அக்கினி நட்சத்திரம் கொளுத்தினாலும் பஞ்சர் கடையில் மட்டும் எப்போதும் அக்டோபர்தான்.

என் மனைவி காலமாகி எட்டு மாதம் கழித்து அந்தக் கடைக்கு முதன்முதலாகப் போனேன். அவளுடைய ஸ்கூட்டரை விற்க முடிவு செய்திருந்தேன். இரண்டு சக்கரமும் தட்டையாகிக் கிடந்தன. பஞ்சர் இரண்டு டியூபையும் கழற்றி, தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

"யாரு வண்டி சார்?"

"என் மனைவியுடையது."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். டியூபைத் தொட்டியிலிருந்து எடுத்து உதறினார்.

"ஓட்டையே இல்ல சார். நின்னுகினே இருந்தா காத்து தானா பூடும். ஓட்டிகினு இரு, ஒண்ணும் ஆவாது."

வண்டியை நான் விற்கவில்லை. மறுநாள் அதில் எங்கே போவது என்று தெரியாமல் அவர் கடைக்கே போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். இரங்கல் சொல்லாத ஒரே மனிதர் அவர். வேலை தந்தார். "இத்த புடி சார்," என்று ஸ்பேனரை நீட்டுவார். முனைவர் பட்டம் பெற்றவன் ஸ்பேனர் பிடித்துக்கொண்டு நிற்பதை ஊர் வேடிக்கை பார்த்தது.

அந்த நாட்காட்டிப் படத்தில் இருப்பதுபோல ஒரு மலை ஏரியில் பாய்ப்படகில் தாமே உட்கார வேண்டும் என்பது பஞ்சரின் ஆசை. மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதி, விருந்தினர் விளையாடி ஓய்ந்த ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை ஒதுக்கியபோது அதைக் கொண்டுவந்துவிட்டார். இருவர் உட்காரலாம். கவிழ்ந்தாலும் மிதப்பதற்காக முன்னும் பின்னும் காற்று அடைத்த அறைகள் இருந்தன. "ரெண்டு டியூபு வெச்ச படகு சார் இது. நம்ம ஜாதி!" என்றார்.

மலையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நான் கணக்கிட்டுச் சொன்னேன்.

"கம்மி காத்துன்னா பெரிய பாயி. அவ்ளோதான? இதுக்கா இத்தினி பேப்பரு?"

அத்தனை பெரிய துணிக்கு அவர் கண்டுபிடித்த வழி, கூடுவாஞ்சேரியில் நடந்து முடிந்த ஒரு காதணி விழாவின் ஃபிளெக்ஸ் பேனர். ஒருபுறம் தூய வெள்ளை. மறுபுறம் கைகூப்பிய தாய்மாமன்கள் பதினான்கு பேரும் "வருக வருக" என்ற கொட்டை எழுத்தும். நெம்மேலி மீனவர் தேசப்பன் அதை வெட்டித் தைத்தார்.

"மலை மேல படகு வுடப் போறியா மச்சான்? அடுத்தது இன்னா, கடல்ல சைக்கிளா?"

"நீ தைச்சி குடு. சைக்கிளுக்குக் காத்து நா அடிச்சிக்கிறேன்."

தேசப்பன் சிரித்துக்கொண்டே தைத்தார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: படகில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. அவர்கள் குப்பத்து வழக்கம் அது. பஞ்சர் அதை வேதமாக ஏற்றார்.

முதல் ஓட்டம் எங்கள் ஊர்க் கொளவாய் ஏரியில். கரையை ஒட்டியே ரயில் பாதை. சிக்னலுக்காக நின்ற மின்சார ரயிலிலிருந்து ஒரு பெட்டியே எட்டிப் பார்த்து யோசனை சொன்னது.

"அண்ணாத்த, ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ்!"

"மாமனுங்கல்லாம் கும்பிடுறாங்கடோய்! மொய் எங்க எழுதணும்?"

பஞ்சர் அசரவில்லை. "ஆபீசுக்கு லேட்டாவுதுன்னு அழுவாம உக்காந்து வாடா!" என்று பதிலுக்குக் கத்தினார். ரயில் நகர்ந்தது, படகு நகரவில்லை.

சனவரியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அடைப்பு என்றார்கள், மார்ச்சில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை மலை ஏறக்கூடாது என்றார் மருத்துவர். பஞ்சர் அன்று மாலையே பயணத்துக்கு வண்டி பேசினார்.

"ஏறக்கூடாதுன்னுதான சொன்னாரு? நானா ஏறப்போறேன்? வண்டி ஏறுது. எனுக்கு இன்னா பேஜாரு?"

பிறகு கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, குரல் தாழ்த்திச் சொன்னார்: "கத்தி வெக்கறதுக்கு முன்னால ஒருவாட்டி சார். ஒரே ஒருவாட்டி."

அவர் மனைவி என்னிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்: அவரைத் தண்ணீரில் இறங்க விடக்கூடாது.

ஏரியின் படகுத்துறை மேலாளர், சுற்றுலாப் பயணிகள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரே ஒரு காலையை அனுமதித்திருந்தார். காற்றில் படகு சாயாதிருக்க அடியில் கனம் வேண்டும் என்பது என் கணக்கு. அதற்காக மாமல்லபுரத்து மணலை மூன்று மூட்டை கட்டி ஏற்றியிருந்தோம். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர் மூட்டையைக் குத்திப் பார்த்தார்.

"என்னங்க இது, மணலா? எல்லாரும் மேல இருந்து கீழே கடத்துவாங்க. நீங்க கீழே இருந்து மேல கடத்துறீங்களே?"

"கனத்துக்கு சார்," என்றார் பஞ்சர்.

"ஏனுங்க, மலையில கல்லு கிடைக்காதுங்களா?"

பஞ்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவன்தான சார் நீ?"

ஏரியில் இறக்கிய படகு கால்மணி நேரம்தான் மிதந்தது, மூக்கு தாழ்ந்தது. முன்னறையில் எங்கோ கசிவு. வேறு யாராக இருந்தாலும் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துத் தேடியிருப்பார்கள். ஆனால் வாழ்நாள் முழுதும் ஓட்டையைத் தண்ணீருக்கு அடியில் தேடியவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

"அமுக்கிப் பாத்துடலாம் சார்," என்றார். செருப்பைக் கழற்றினார்.

சத்தியம் நினைவிருந்ததால் அவரைக் கரையில் உட்காரவைத்துவிட்டு நான் இறங்கினேன். ஆம், 7.30 குறிப்பில் பெயர் எழுதாமல் விட்டது வெட்கத்தால்தான். படகை மூழ்கடித்தவன் நான். மணல் மூட்டைகளை முன்பக்கம் அடுக்கி, இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று, முழு பலத்தோடு அமுக்கினேன்.

"அமுக்கு சார்! இன்னும் அமுக்கு! தண்ணிய கலக்காத!"

மேலாளர் ஓடி வந்தார். "ஏனுங்க, படகு ஓட்டத்தானுங்களே அனுமதி கேட்டீங்க? முழுகடிக்கறதுக்குங்களா?"

"ஓட்றதுக்கு முன்னால முழுக்கணும் சார். எங்க ஊர்ல அப்டித்தான்," என்றார் பஞ்சர், செங்கல்பட்டு முழுவதற்கும் பொறுப்பேற்று.

அப்போது வந்தது குமிழி. ஒன்று, பிறகு வரிசையாக, கடுகு கடுகாக.

"தோ கீது! மூச்சு வுடுது பார்! கைய எடுக்காத!"

பிறகு கரையேற்றி, நீரை வடித்து, மேலாளரே கொண்டுவந்த துண்டால் துடைத்து, துறையிலிருந்த தேநீர்க்கடை அடுப்பின் கரி அனலில் அந்த இடத்தைக் காயவைத்து, சுரண்டி, சொல்யூஷன் தடவி, லாரி டியூப் துண்டு ஒன்றை ஒட்டினார் பஞ்சர். கட்டை விரலால் அதை அழுத்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் நான் போர்வைக்குள் பற்கள் தந்தியடிக்கக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். பயணிகளின் முதல் பேருந்து மேலே வளைவில் ஒலி எழுப்பியது.

9.10க்குப் பாய் ஏறியது. காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று நான் கணித்திருந்தேனோ, அதற்கு நேர் எதிரிலிருந்து வந்தது. படகு சட்டென்று சாய்ந்து, நிமிர்ந்து, ஓடியது. எங்கள் பக்கம் வெள்ளைப் பாய். கரையில் இறங்கிய பயணிகளுக்குத் தெரிந்தது பதினான்கு தாய்மாமன்கள். சிலர் பதிலுக்குக் கைகூப்பியதை நான் பார்த்தேன்.

சுக்கானைப் பிடித்திருந்த பஞ்சர் பேசவில்லை. அவர் பேசாமலிருந்து நான் பார்த்தது அன்றுதான். வெறுங்கால்கள் இரண்டும் நீலம் பூத்திருந்தன. பாதி ஏரி தாண்டியதும் சொன்னார்:

"அண்ணாத்த, அக்டோபர் மாரியே கீது."

அதுவரை அவருக்கு நான் சார்.

பதினோரு நிமிடம் ஓடினோம். ஒட்டு பிடித்தது.

மார்ச்சில் அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. வீடு திரும்பி, கடை திறந்து, மூன்று வாரம் எல்லோரையும் அதட்டினார். ஏப்ரலில் ஒரு காலை, நாஸ்தாவுக்கு இலை போட்டுவிட்டு மனைவி கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. அவர் சாவுக்கு நான் ஸ்கூட்டரில்தான் போனேன்.

படகு இப்போது என் வீட்டு முகப்பில் இருக்கிறது. செய்யாமல் நிற்கும் வேலைகள்:

மணல் மூன்று மூட்டையையும் மாமல்லபுரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது.

அவர் மனைவி கழற்றித் தந்த அக்டோபர் தாளுக்குச் சட்டம் போடுவது. எண்ணெய்க் கறையைத் துடைக்கக் கூடாதென்று கடைக்காரரிடம் சொல்வது.

தேசப்பனை அழைத்து, ஒட்டு தாங்குகிறதா என்று கொளவாய் ஏரியில் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது.

படகுக்குப் பெயர் எழுதுவது. என் மனைவியின் பெயரைத்தான் எழுதுவேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். பெயிண்டரிடம் வேறு பெயர் சொன்னேன். "பஞ்சர்னு எவனாவது படகுக்குப் பேரு வெப்பானா சார்? எவன் ஏறுவான்?" என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். நான் ஏறுவேன்.