லத்தீனில் பலமான கூரை

கட்டடங்களின் உறுதியைக் காக்கும் இலாகா, 'பலவீனம்' என்ற சொல்லைப் பொதுநலன் கருதி ஒழித்துவிட்டது. இனி எந்தக் கட்டடமும் லத்தீனில்தான் நிற்க வேண்டும் என்பது ஆணை. பெரிய அதிகாரி வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். வெறுங்கையோடு வருவாரா மனுஷன்?

இது தெரியாமல் தலைமையாசிரியை அவர் முன்னால் போய் நின்றார். இரண்டாம் வகுப்புக் கூரையில் கை நுழைகிற அளவு விரிசல். கீழே குழந்தைகள். அந்த அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

"கூரை எப்ப வேணும்னாலும் விழும் சார்."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. ரோபுர், ஃபோர்டிஸ், வலேரே. மூணுமே பலம்தான். உங்க கூரை இதுல எது?"

"எதுவும் இல்ல சார். காரை தலையில கொட்டுது."

"ரோபுர்னா ஓக் மரத்து வைரம். ரோபஸ்ட் அதிலிருந்துதான் வந்துச்சு. உங்களது ஓக்கா?"

"கான்கிரீட்."

"அப்ப தள்ளுபடி. ஃபோர்டிஸ்னா தைரியமான பலம். கோட்டையைச் சொல்ற ஃபோர்ட் அதோட பிள்ளை. உங்க கூரை யார்கிட்டயாவது சண்டை போட்டிருக்கா?"

"ஐயோ, பிள்ளைங்க மேல விழப் போகுது சார்!"

"பதறாதீங்க. வலேரேன்னா பலமா இருக்கறது. வேலிட்ங்கற வார்த்தைக்கு அதுதான் தாய். உங்க கட்டடச் சான்றிதழ் வேலிட்தானே?"

"அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு..."

"பிறகென்ன! சான்றிதழே பலமா இருக்கும்போது கூரை மட்டும் எப்படிம்மா பலமில்லாம போகும்?"

"பலமில்லைன்னு நான் எழுதிக் கொடுத்தா?"

"சான்றிதழ் இன்வேலிட். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிடுவோம். உங்க வேலையும் அதோட போயிடும்."

தலைமையாசிரியைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வேலையை நினைத்து அதை மென்று விழுங்கினார்.

மறுநாள் இலாகா ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். அப்பாடா, விரிசலை அடைக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். அவர்களோ விரிசலை மறைத்து, 'வலேரே' என்று பொறித்த பித்தளைப் பலகையை ஆணியடித்து மாட்டினார்கள். அடிக்கு அடி காரை உதிர்ந்தது. 'அதிர்வைத் தாங்கியது' என்று எழுதிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

சாயங்காலம் பெற்றோர்கள் திமுதிமுவென்று வந்தார்கள். நல்லவேளை, கேட்க நாலு பேராவது இருக்கிறார்களே என்று தலைமையாசிரியைக்குத் தெம்பு வந்தது. வந்தவர்கள் எல்லாம் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைப் பெற்றவர்கள்.

"எங்க பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க? இரண்டாம் வகுப்புக்கு மட்டும்தான் லத்தீன் பலகையா?"

தலைமையாசிரியை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பொறுமையா இருங்க. உங்க கூரையும் விரிசல் விடட்டும். முறைப்படி வாங்கித் தர்றேன்."