சாம்பிராணி மேல் விழுந்த பழி

வீட்டைப் பூட்டி, நாலு தரம் இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற ஆள் தூத்துக்குடியில் ஒருவர்தான் உண்டு. கம்ப்யூட்டர் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் ‘சந்தேக அண்ணாச்சி’. கரண்டு அளக்க இரண்டு மீட்டர் வைத்திருப்பார். ஒன்று அளக்க. இன்னொன்று, முதல் மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க.

நான் ஹார்பரில் மூட்டை சுமந்தவன். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. உப்பு மூட்டை தூக்கினால் தோள் எப்படிப் பொரிந்துபோகும் தெரியுமா? ராத்திரி புரண்டு படுக்க... சரி, அது வேறு கதை. முட்டி தேய்ந்தபின், கப்பல் சரக்குக்குக் காகிதம் போடும் ஆபீசில் கூட்டிப் பெருக்கும் வேலை. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டுவேன். கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், புகை உண்டு. அதுவும் சோறு போடுகிற சாமான்தானே.

போன வருஷம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பாதி வேலையில் நீலத்திரை காட்டி நின்றுவிடும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“உம்ம புகைதான் உள்ள போயி கெடுக்கு. மெக்கானிக் வந்து அப்படித்தான்னு சொல்லிட்டாருன்னா நாளைலேருந்து வராதயும்.”

இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

சந்தேக அண்ணாச்சி வந்தார். கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சாம்பிராணியை வாங்கி மோந்தார்.

“இதுல என்னத்தக் கலந்திருக்கான்?”

“எனக்கென்ன தெரியும்?”

“தெரியாமத்தான் போடுதீரா?”

கதை முடிந்தது என்று நினைத்தேன். பிறகு கம்ப்யூட்டரை முடுக்கி, அதன் கணக்குகளைப் பார்த்தவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

“மெமரிக்கு வோல்ட்டைக் கூட்டினது யாரு?”

முதலாளி நெளிந்தார். “மருமவன்தான். வீடியோ பாத்து ஸ்பீடை ஏத்தினான். நம்மூருல லோ வோல்டேஜ்லா, தாராளமா இருக்கட்டுமேன்னு அதையும் கூட்டிட்டான்.”

“இது என்ன போர் மோட்டரா? வெந்துபோவும். டைமிங்கையும்லா கொறச்சிருக்கான்.”

டைமிங் என்றால் என்ன என்று கேட்டேன்.

“நீரு மூட்டை தூக்கினவருதான? ஒண்ண எறக்கிட்டு நிமிரதுக்குள்ள அடுத்ததைத் தலையில வச்சா?”

“ரெண்டும் கீழ கெடக்கும்.”

“நிமிர எடுக்குத நேரந்தான் டைமிங்.”

புகையே இல்லாமல் மெமரிக்குச் சோதனை ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்த் தப்பு. வோல்ட்டை ஒன்று புள்ளி இரண்டுக்கு இறக்கினார். மெமரியில் ஒட்டியிருந்த சீட்டு, அதைவிடக் கூட்டலாம், வேகமும் ஏற்றலாம் என்றது. அதையும் அவர் நம்பவில்லை.

“சீட்டு அடிச்சவன் ஏசி ரூம்ல இருந்து பாத்திருப்பான். இங்கன உப்புக்காத்துல வந்து பாத்தானா?”

வேகத்தையும் அடக்கி, டைமிங்கைத் தளர்த்தினார். அப்போதும் என்னை விடவில்லை.

“கங்கு அள்ளிட்டு வாரும். சாம்பிராணி போடும்.”

சோதனை ஓட ஓட, காலையிலிருந்து சாயங்காலம் வரை புகை போட்டேன். முதலாளி இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர்க் குடத்தோடு வந்துவிட்டார். கடைசியில் திரையில் தப்பு ஒன்றுகூட இல்லை.

அவர் முதலாளியை உள்ளே அழைத்தார்.

“மருமவன அதுபக்கம் விடாதீங்க. இவரு இருக்கட்டும். இவரு மேல எனக்குச் சந்தேகம் இல்ல.”

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வேறு யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. இப்போதும் எப்போதாவது வருவார். அவருக்கு நான் டீ வாங்கி வந்தால் அதில் பாதியை என் டம்ளரில் ஊற்றி, முதலில் நான் குடித்துக் காட்டுவேன். அவர் கேட்பதில்லை, நானாகத்தான்.